எரிக்கச் சொன்னது யார்? அடக்க விட்டது யார்?

அஸர் தொழுகைக்குப் பின்னர் எமது ஊர்ப் பெண்களுக்காக வாரந்தோறும் நடைபெறும் தப்ஸீர் வகுப்பில், அன்று ஸூரத்துந் நிஸாவின் 58ஆவது வசனத்துக்கு விளக்கம் சொல்லிக் கொண்டிருந்தேன். அமானிதத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்பவர் நீதம் தவறக் கூடாது என்பதைப் பற்றியும் பேசும் வசனம் அது. பாடம் முடிந்து துஆ ஓதப் போகும் வேளையில் திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாயின் குரல் கேட்டது.

“மௌலவி, எங்கட மாமி கொரோனா நேரம் மௌத்தானாங்க. குளிப்பாட்டல்ல, கபனிடல்ல, எரிச்சுப் போட்டாங்க. கோட்டுக்குப் போனாங்க தானே, கோடு ஏன் நிப்பாட்டல்ல? பாராளுமன்றத்தில எங்கட ஆக்கள் இருந்தாங்க தானே, அவங்க ஏன் நிப்பாட்டல்ல? எரிக்கச் சொன்னதும் அரசாங்கம், பொறகு அடக்கச் சொன்னதும் அரசாங்கம். அரசாங்கம் எண்டா யாரு மௌலவி?”

திரைக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. நானும் உடனே பதில் சொல்லவில்லை. பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் குடியியல் பாடத்தில் “சட்டத்துறை, நிர்வாகத்துறை, நீதித்துறை” என்று மனனம் செய்து பரீட்சையில் புள்ளி எடுத்துவிடுகிறார்கள். ஆனால், மாமியின் சாம்பலை நெஞ்சில் சுமந்திருக்கும் ஒரு தாய் கேட்கும்போது அந்த மனனம் போதாது. “அடுத்த கிழமை சொல்கிறேன்” என்று கூறிவிட்டு வந்தேன். அவருக்குச் சொன்னவற்றைத்தான், இன்னும் சற்று விரிவாக, இங்கே எழுதுகிறேன்.

நாம் ‘கவர்மென்ட்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கிராம சேவகரும் கவர்மென்ட், பொலிஸும் கவர்மென்ட், எம்.பி.யும் கவர்மென்ட், நீதவானும் கவர்மென்ட். வீட்டுக்கு ஒரு வாசல்தான் என்று நினைத்தால், அந்த வாசல் மூடியிருக்கக் கண்டதும் திரும்பி வந்துவிடுவோம். உண்மையில் இது மூன்று வாசல் உள்ள வீடு. ஒரு வாசலில் கேட்க வேண்டியதை இன்னொரு வாசலில் கேட்டால் கிடைக்காது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்புரை, இந்நாட்டின் இறைமை மக்களிடம் இருக்கிறது என்கிறது. (இறைமை என்ற சொல்லைக் கேட்டதும் சில சகோதரர்கள் முகம் சுளிப்பதுண்டு. ஹாகிமிய்யத் அல்லாஹ்வுக்கே உரியது என்பது எமது அகீதா. இங்கே பேசப்படுவது மனிதருக்கு மனிதர் உள்ள ஆட்சி அதிகாரம். இரண்டையும் குழப்ப வேண்டியதில்லை.) நான்காம் உறுப்புரை அந்த அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. சட்டம் ஆக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு. சில விடயங்களில் சர்வஜன வாக்கெடுப்பு மூலம் மக்களுக்கு. நிறைவேற்றும் அதிகாரம் மக்கள் தெரிவு செய்யும் ஜனாதிபதிக்கு. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு. இந்த மூன்றாவதை எழுதியிருக்கும் விதம் கொஞ்சம் விசித்திரமானது. நீதி அதிகாரத்தைப் பாராளுமன்றம் நீதிமன்றங்களின் ஊடாகப் பிரயோகிக்கிறது என்றுதான் அங்கு உள்ளது. நீதிபதிகள் மக்களிடம் வாக்குக் கேட்டு வருபவர்கள் அல்லர் என்பதால், மக்களின் அதிகாரம் அவர்களிடம் வந்து சேரும் வழியை அப்படி எழுதியிருக்கிறார்கள். அதற்காக ஒரு வழக்கில் எப்படித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எந்த எம்.பி.யும் நீதிபதிக்குச் சொல்ல முடியாது. சொன்னால் அது குற்றம்.

பாடப் புத்தகங்கள், இந்தப் பிரிவினையை 1748இல் நூலெழுதிய பிரான்ஸ் தேசத்து மொண்டெஸ்கியூவின் பெயரில் சொல்லும். அது சரிதான். ஆனால், ஆள்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவராகவே இருந்தால் என்ன ஆகும் என்ற கவலை எமது முன்னோர்களுக்கும் இருந்தது. உமர் (ரழி) அவர்கள் தமது ஆட்சியில் கவர்னர்களுக்குப் புறம்பாகக் காழிகளை நியமித்தார்கள். கூபாவுக்கு அனுப்பப்பட்ட ஷுரைஹ் பல தசாப்தங்கள் அப்பதவியில் இருந்தார். அலி (ரழி) அவர்கள் கலீபாவாக இருந்தபோது தமது கவசத்துக்காக ஒரு யூதருடன் வழக்காடியதாகவும், போதிய சாட்சி இல்லையென ஷுரைஹ் கலீபாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்ததாகவும் ஒரு சம்பவத்தை மிம்பர்களில் கேட்டிருப்பீர்கள். அதன் அறிவிப்பாளர் தொடரில் முஹத்திஸீன்கள் குறை கண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லி வைப்பது என் கடமை. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் விடயத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. கலீபா மன்ஸூர் கொடுத்த நீதிபதிப் பதவியை ஏற்க மறுத்ததற்காகச் சிறை சென்றார்கள். ஹிஜ்ரி 150இல் பக்தாதில் வபாத்தானார்கள்.

இன்னொன்றையும் இங்கு நினைவூட்ட வேண்டும். அதிகாரிகள் செய்யும் அநியாயங்களை விசாரிப்பதற்கென்றே ‘மளாலிம்’ என்ற தனி மன்று அப்பாஸியர் காலத்தில் இருந்தது. ஹிஜ்ரி 450இல் வபாத்தான இமாம் மாவர்தி தமது அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் அதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரண காழி இரண்டு குடிமக்களுக்கிடையில் தீர்ப்பளிப்பார். மளாலிம் மன்றோ குடிமகனுக்கும் அதிகாரிக்கும் இடையில் தீர்ப்பளிக்கும். எமது நாட்டில் ‘அடிப்படை உரிமை மீறல் மனு’ என்று ஒன்று உண்டல்லவா? அதைப் பற்றி நான் பாடம் நடத்தும்போது மளாலிமைச் சொல்லித்தான் விளக்குவேன். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக் கொள்கிறார்கள்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

எரிக்கும் உத்தரவு எங்கிருந்து வந்தது?

ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று பாராளுமன்றம் சட்டம் எதுவும் நிறைவேற்றவில்லை. இதைப் பலர் அறியமாட்டார்கள். 1897ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் காலத்தில், பிளேக் போன்ற நோய்களைத் தடுப்பதற்காகத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் ஒன்று கொண்டு வரப்பட்டது. நோய் பரவும் காலத்தில் விரிவான ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை அச்சட்டம் அமைச்சருக்குக் கொடுத்திருக்கிறது. அதாவது சட்டம் ஆக்குபவர், “சிறு விடயங்களை நீரே எழுதிக் கொள்ளும்” என்று பேனாவை நிறைவேற்றுபவரின் கையில் கொடுத்துவிடுகிறார். எல்லா நாடுகளிலும் இது நடப்பதுதான். இல்லையென்றால் எந்த ஊருக்கு எப்போது தடை போடுவது என்பதற்கெல்லாம் பாராளுமன்றம் கூட வேண்டியிருக்கும். ஆனால், அந்தப் பேனாவால் எழுதப்படுவது சிறு விடயமாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2020 மார்ச் இறுதிப் பகுதியில் முதலாவது முஸ்லிம் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி சுகாதார அமைச்சர், மேற்படி கட்டளைச் சட்டத்தின் கீழ் அதிவிசேட வர்த்தமானி ஒன்றை வெளியிட்டார். கொவிட் தொற்றினால் இறந்தவர், அல்லது அவ்வாறு இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவர் தகனம் செய்யப்பட வேண்டும் என்பது அதன் சாரம். உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதத்திலேயே அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று வழிகாட்டல் வெளியிட்டிருந்தது. அதை இங்கே கேட்பார் இல்லை.

அந்த ஏப்ரல் 11இல் பாராளுமன்றம் எங்கே இருந்தது? எங்கும் இருக்கவில்லை! மார்ச் 2ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அதனைக் கலைத்திருந்தார். ஏப்ரல் 25இல் நடக்க வேண்டிய பொதுத் தேர்தல் நோயின் காரணமாகத் தள்ளிப் போய் ஓகஸ்ட் 5இல்தான் நடந்தது. புதிய பாராளுமன்றம் ஓகஸ்ட் 20இல் கூடியது. பாராளுமன்றம் கலைந்தாலும் அமைச்சரவை கலைவதில்லை; தேர்தல் முடியும் வரை அது கடமையில் இருக்கும். ஆகவே, உத்தரவிடும் கை இருந்தது, அந்தக் கையைப் பிடித்துக் கேள்வி கேட்க வேண்டிய சபை ஐந்தரை மாதங்கள் இருக்கவில்லை. கலைத்தது சட்டவிரோதம் என்று சொல்வதற்கில்லை. அப்போதைய ஏற்பாட்டின்படி நாலரை வருடம் பூர்த்தியான பின்னர்தான் கலைக்கப்பட்டது. ஆனால், கலைத்து மூன்று மாதங்களுக்குள் புதிய பாராளுமன்றம் கூட வேண்டும் என்றும் அரசியலமைப்பில் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டிச் சிலர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். பத்து நாட்கள் விவாதம் நடந்த பின்னர் 2020 ஜூன் 2இல் அம்மனுக்கள் தள்ளுபடியாயின.

கோடு ஏன் நிப்பாட்டவில்லை?

மூன்றாவது வாசலைத் தட்டாமல் இருக்கவில்லை. முஸ்லிம்கள் மட்டுமல்ல, கிறிஸ்தவ சகோதரர்களும் தட்டினார்கள். பதினொரு அடிப்படை உரிமை மனுக்கள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டன.

எமது அரசியலமைப்பில் மதம் பற்றி இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. பத்தாம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைக் கொடுக்கிறது. அதற்கு எந்த மட்டுப்பாடும் இல்லை. அதைத் திருத்துவதாயின் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் போதாது, நாட்டு மக்களின் வாக்கெடுப்பும் வேண்டும். பதினான்காம் உறுப்புரையோ மதத்தை வணக்கத்தாலும் அனுஷ்டானத்தாலும் வெளிப்படுத்தும் உரிமையைக் கொடுக்கிறது. இதைப் பொதுச் சுகாதாரம் போன்ற காரணங்களுக்காகச் சட்டத்தின் மூலம் மட்டுப்படுத்தலாம். உள்ளத்தில் ஈமான் கொள்வதை யாரும் தொட முடியாது. ஜனாஸாவை அடக்குவது என்ற வெளிச் செயலைத் தொட ஒரு வழி திறந்திருக்கிறது. ‘சுகாதாரம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஏன் அத்தனை பலம் வந்தது என்பது இப்போது விளங்கும்.

அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தவுடன் விசாரணை தொடங்கிவிடாது. முதலில், இதை விசாரிக்க இடமுண்டா என்று நீதியரசர்கள் பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும். 2020 டிசம்பர் 1ஆம் திகதி, அந்தப் பதினொரு மனுக்களுக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. பெரும்பான்மைத் தீர்மானம்தான், ஏகமனதானது அல்ல. முழு விசாரணைக்கு அனுமதி கிடைக்காததால், அந்த வர்த்தமானி அரசியலமைப்புக்கு உடன்பாடானதா இல்லையா என்ற கேள்விக்கு ஒரு விரிவான தீர்ப்பும் எமக்குக் கிடைக்கவில்லை. நீதிமன்றம் “எரிப்பது சரி” என்று தீர்ப்பளித்ததாகச் சிலர் பேசுகிறார்கள். அது பிழை. கதவு திறக்கப்படவில்லை, அவ்வளவுதான். கதவுக்கு வெளியே நின்ற குடும்பங்களுக்கு அந்த வித்தியாசம் பெரிய ஆறுதல் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பிறந்து இருபது நாளேயான ஒரு முஸ்லிம் குழந்தை பொரளைக் கனத்தையில் எரிக்கப்பட்டது அந்த டிசம்பர் மாதத்தில்தான். கபன் துணியின் நினைவாக வெள்ளைத் துணிகளைக் கனத்தை வாயிற்கம்பிகளில் கட்டியவர்களில் சிங்களவரும் தமிழரும் இருந்தார்கள். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன.

உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று இதை வைத்து முடிவு செய்துவிட வேண்டாம். இரண்டு வருடங்களுக்கு முன்னர், 2018 நவம்பர் 9இல், ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். நாலரை வருடம் அப்போது ஆகியிருக்கவில்லை. நான்கு நாட்களில், நவம்பர் 13இல், உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்கள் ஏகமனதாக அக்கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்றார்கள். கலைக்கப்பட்ட பாராளுமன்றம் திரும்ப வந்தது. இன்னொன்று: 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக அதே முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமை மனுவை இரண்டு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. இந்தத் தீர்ப்பு வரவோ மூன்றரை வருடங்களுக்கு மேல் சென்றது.

ஆக, கோட்டுக்குப் பலம் உண்டு. ஆனால் அது தானாக எழுந்து வந்து தடுப்பதில்லை. மனு வர வேண்டும், காலத்துக்கு வர வேண்டும், நீதியரசர்கள் அனுமதிக்க வேண்டும். பட்டாளமும் பணமும் கோட்டின் கையில் இல்லை.

எம்.பி.மார் என்ன செய்திருக்கலாம்?

2020 ஓகஸ்ட் 20இலிருந்து பாராளுமன்றம் இருந்தது. 225 பேர். ஓர் ஒழுங்குவிதி அடிப்படைச் சட்டத்துக்கு மேலே நிற்க முடியாது; அந்தச் சட்டத்தை ஆக்கியதும் மாற்றக் கூடியதும் பாராளுமன்றமே. அமைச்சரவை முழுவதும் பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக் கூற வேண்டும். நாட்டின் பணப்பெட்டியின் சாவியும் அங்குதான். வருட இறுதியில் வரவு செலவுத் திட்டம் வரும்போது ஒவ்வோர் அமைச்சாக எடுத்து விவாதிப்பார்கள். கேள்வி கேட்கவும், பிரேரணை கொண்டு வரவும், பணத்தை மறுக்கவும் வழி இருந்தது.

நடந்தது என்ன? குரல் எழுப்பியவர்கள் இருந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால், ஜனாதிபதியின் கையை மேலும் பலப்படுத்திய இருபதாவது திருத்தம் 2020 ஒக்டோபர் 22இல் 156 வாக்குகளால் நிறைவேறியபோது, எதிர்க்கட்சியிலிருந்து அதற்குக் கை உயர்த்தியவர்களில் முஸ்லிம் எம்.பி.மாரும் இருந்தார்கள். ஜனாஸாவுக்குத் தீர்வு கிடைக்கும் என்று நம்பித்தான் உயர்த்தினோம் என்று பின்னர் சொன்னவர்கள் உண்டு. அவர்களின் நிய்யத்தை நான் தீர்ப்பளிக்க முடியாது. என் கருத்து இதுதான்: ஒரு துறைக்குப் போட்டிருக்கும் கடிவாளத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதே துறையிடம் நீதியைக் கெஞ்சிக் கேட்பது புத்திசாலித்தனம் அல்ல. அதற்குப் பின்னரும் நான்கு மாதங்கள் எரிப்பு நடந்தது.

இங்கே எமது முறையில் உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அமைச்சராக இருப்பவர் காங்கிரஸில் அங்கத்தவராக இருக்க முடியாது. எமது நாட்டில் அமைச்சர் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருக்க வேண்டும். காலையில் அமைச்சில் இருந்து உத்தரவில் கையெழுத்திடுபவரும், பிற்பகல் சபையில் அமர்ந்து அவ்வுத்தரவைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய கூட்டத்தில் ஒருவரும் ஒரே ஆள்தான். ஆளுங்கட்சிக்கு மூன்றில் இரண்டு இருக்கும்போது அந்தக் கேள்வியில் உயிர் இருக்காது. இரு தொப்பியையும் ஒரே தலையில் போட்டால் இப்படித்தான்.

2021 பெப்ரவரி 10இல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் கேள்விக்கு, அடக்கம் செய்ய அனுமதிக்கப்படும் என்று பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ சபையிலேயே சொன்னார். அன்றிரவு எத்தனை வீடுகளில் ஷுக்ருடைய ஸஜ்தா செய்தார்கள்! மறுநாளே, நிபுணர் குழுதான் முடிவு செய்ய வேண்டும் என்று பேச்சு மாறியது. சபையில் பிரதமர் சொன்ன வார்த்தை ஒரு வாக்குறுதி மட்டுமே; வர்த்தமானி மாறாத வரை ஆஸ்பத்திரி அதிகாரி எரிக்கத்தான் அனுப்புவார். வர்த்தமானி பெப்ரவரி 25இல் மாறியது. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த நேரம் அது. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து சென்றதும் அதற்கு முந்திய நாட்களில்தான். எது காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல என்னால் முடியாது. ஆனால், எந்தக் கை என்று சொல்ல முடியும். எரிக்கும் உத்தரவை எழுதிய அதே நிர்வாகத்துறையின் கைதான் அதை மாற்றியும் எழுதியது.

அதற்குப் பின்னரும் இலகுவாக முடியவில்லை. முதலில் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவைச் சொன்னார்கள். அத்தீவு மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் ஓட்டமாவடி பிரதேசத்தின் மஜ்மா நகரில் இடம் கொடுக்கப்பட்டு, 2021 மார்ச் 5இல் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அடுத்த ஒரு வருடத்துக்குள் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கு அடக்கப்பட்டார்கள், முஸ்லிமல்லாத சிலர் உட்பட. கொழும்பிலும் கண்டியிலும் மௌத்தானவர்களை அத்தனை தூரம் கொண்டு சென்று, இரண்டொருவர் மட்டும் நின்று தொழுவித்து வந்த காலம் அது. ஊர் மையவாடியில் அடக்கும் அனுமதி 2022 மார்ச்சில்தான் வந்தது.

வீட்டுக்கு அருகில் உள்ள வாசல்கள்

அன்று வகுப்பில் இதுவரை சொல்லி முடித்ததும் இன்னொரு சகோதரி கேட்டார்: “இதெல்லாம் பெரிய விசயம் மௌலவி. எங்களுக்கு வாற பிரச்சினைக்கு எந்தக் கதவு?” நியாயமான கேள்வி. கவ்லா பின்த் ஸஃலபா (ரழி) அவர்கள், கணவர் ‘நீ என் தாயைப் போன்றவள்’ என்று சொல்லி ஒதுக்கியபோது, முறைப்பாட்டைக் கொண்டு செல்ல வேண்டிய இடத்துக்கே கொண்டு சென்றார்கள். முதல் பதிலோடு திரும்பிவிடாமல் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார்கள். ஸூரத்துல் முஜாதலா அவர்களைக் கொண்டுதான் ஆரம்பிக்கிறது.

அரச பாடசாலை அதிபர் உங்கள் மகளின் பர்தாவைக் கழற்றச் சொல்கிறார், அல்லது பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் சொல்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அது ஒரு நிர்வாகச் செயல். அடிப்படை உரிமை மனு இத்தகைய செயலுக்கு எதிராகத்தான் செல்லும். உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே செல்லும். ஒரு மாதத்துக்குள் செல்ல வேண்டும். எத்தனையோ குடும்பங்கள் எம்.பி.யின் காரியாலயத்துக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் அலைந்தே அந்த ஒரு மாதத்தைத் தொலைத்துவிடுகின்றன. கொழும்புக்குச் சென்று சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாதவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஆணைக்குழுவில் விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் ஒரு மாதக் கணக்கில் சேர்க்கப்பட மாட்டாது. இந்த ஒரு விடயத்தையாவது கொப்பியில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள் என்று சொன்னேன். பலர் எழுதினார்கள். தனியார் கம்பனி ஒன்று வேலை தர மறுத்தால் இந்த மனு செல்லாது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

தாபரிப்புப் பணம் கிடைக்காத சகோதரி செல்வது காதி நீதிமன்றத்துக்கு. காதியை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. அவரது தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் காதிகள் சபைக்கும், அங்கிருந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். கணவர் பணம் கட்டாவிட்டால் காதியிடம் பொலிஸ் படை இல்லை. அவர் நீதவான் நீதிமன்றத்துக்கு எழுதி, அங்கு தண்டப்பணம் போல அது அறவிடப்படும். “காதிக்குச் சக்தியில்லை” என்று சலித்துக் கொள்ளும் சகோதரிகள், அந்தக் கடிதம் நீதவானுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை முதலில் விசாரித்துப் பாருங்கள்.

அந்தக் காதி நீதிமன்றத்தை நடத்தும் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே குறை இருக்கிறதென்று கருதுபவர்கள் எங்கே போவது? இதில் பெண்கள் பலர் ஏமாந்து போயிருக்கிறார்கள். அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, 1978க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்கிறது. அதற்குப் பின்னர் நிறைவேற்றப்பட்ட சட்டங்களையும், சபாநாயகர் அத்தாட்சிப்படுத்தி விட்டால், நீதிமன்றம் கேள்விக்குட்படுத்த முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே, அது பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்டதும் குறித்த காலத்துக்குள் எதிர்த்து மனுப் போட வேண்டும். ஆகவே பழைய சட்டத்தைத் திருத்துவதாயினும் பாதுகாப்பதாயினும் அது பாராளுமன்றத்தின் வாசல். திருத்தம் பற்றி ஆராய 2009இல் ஸலீம் மர்ஸூப் அவர்களின் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018 ஜனவரியில்தான் அறிக்கை கொடுத்தது. அதிலும் இரு நிலைப்பாடுகள். உலமாக்களாகிய எம்மிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், பெண்கள் சொல்ல வேண்டியதைப் பெண்களே எம்.பி.யின் முன்னால் போய் நின்று சொல்வதில் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. வாக்குக் கேட்டு வரும்போது அவர் எமது வாசலுக்கு வருகிறார் அல்லவா?

அந்தத் தாய் இத்தனையையும் பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருந்தார். கடைசியில், “அப்ப, எரிச்சது பிழையெண்டு இதுவரைக்கும் ஆருமே சொல்லல்லயா?” என்றார்.

சொன்னார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாயமாகத் தகனம் செய்தமைக்காக அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இருநூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட பின்னர் வந்த மன்னிப்பு. இனிமேல் அடக்குவதா எரிப்பதா என்ற உரிமையைப் பாதுகாக்க ஒரு சட்டம் கொண்டு வருவதாகவும் அப்போது கூறப்பட்டது.

“அமைச்சரவை எண்டா நிர்வாகத்துறை” என்றார் அவர், மெதுவாக. “சட்டம் போடுறது பாராளுமன்றம். அப்ப எங்கட எம்.பி.ட்ட போய், அந்தச் சட்டம் என்னாச்சு எண்டு கேக்கணும்.”

மஃரிபுக்கு அதான் சொல்லும் நேரமாகிவிட்டது. மாமியின் பெயரைக் கேட்டு, துஆவில் சேர்த்துக் கொண்டு வகுப்பை முடித்தேன்.